ஆறு மாதம் மூத்தவள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து போகிறவர்களுக்கெல்லாம் இது தெரியும். பெரியம்மாவுக்குக் கோபம் வராது. வந்தாலும் முகத்தில் தெரியாது. அதனால் அவளுக்கு வரவேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டேன். அவள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னும் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெரியம்மா என்று கூப்பிட்டேனே தவிர, அவளுக்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது. உறவு இருந்தவர்கள் அவளை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை.

ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் என் கடை. நகல் எடுப்பது, லேமினேஷன், பர்மிய மொழியில் டைப் அடித்துக் கொடுப்பது, விண்ணப்பம் எழுதுவது. ஒருநாள் மத்தியானம் ஒரே ஒரு கரண்ட் பில்லை நகல் எடுக்க வந்து நின்றாள். ஒடிசலான உடம்பு, நல்ல கருப்பு, அறுபதை நெருங்கும் வயசு. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால், பஸ் ஏறி வரவேண்டிய தின்கன்ஜூன் பேட்டையைச் சொல்கிறாள். "ஏன், அங்கே ஜெராக்ஸ் மெஷினே இல்லையா?" என்றேன். "இருக்குது. இங்கதான் தமிழ்ல பேசுவீங்கன்னு சொன்னாங்க" என்றாள். பில்லை வாங்கிக்கொண்டு அப்புறமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் பெரியம்மா வருவாள். வந்தால் சும்மா இருக்க மாட்டாள். நான் அடித்துப் போடும் தாள்களை அடுக்கி, ஸ்டேப்ளர் போட்டு, ஓரம் தட்டி வைப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தாள்கூட தலைகீழாகப் போகாது.

வயசு வரிசை அவளுக்கு வேதம். கடையில் ஒரு இளவட்டம் முந்திக்கொண்டு வந்து நிற்க, நான் அவனுடைய தாளை முதலில் வாங்கிவிட்டால் தொலைந்தேன். "பின்னால பெரியவரு நிக்கறாரு, கண்ணு தெரியலையா பாப்பா?" என்பாள். பாப்பாவாகிய எனக்கு அப்போது முப்பத்தைந்து வயசு, இரண்டு பிள்ளைகள். புதிதாக யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி எந்த வருஷம் பிறந்தீர்கள் என்பதுதான். மூத்தவர் என்றால் உடனே எழுந்து இடம் கொடுப்பாள். இளையவர் என்றால் உரிமையோடு வேலை ஏவுவாள்.

எங்கள் ஊரில் தடின்ஜுட் பௌர்ணமியை ஒட்டி பெரியவர்களுக்கு வணக்கம் செலுத்தும் பழக்கம் உண்டு. பர்மியர் அதை கடோ என்பார்கள். நாங்களும் அப்படியேதான் சொல்கிறோம். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சின்னவர்கள் பழமும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோய் வைத்து, தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று தடவை கும்பிடுவார்கள். அப்போது சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு. உடம்பால், வாயால், மனசால் உங்களுக்கு நான் செய்த குற்றமெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க வேண்டும். பொறுத்தோம் என்று பெரியவர் சொல்லி வாழ்த்துவார். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். யார் யாரிடம் பொறுக்கச் சொல்லிக் கேட்பது என்பதில்தான் என் தகராறு.

பெரியம்மா ஊரெல்லாம் மண்டியிட்டாள். எங்கள் சந்தில் தௌஹு என்கிற சோயாக் கட்டி விற்கும் சீனத்து அம்மாள் ஒருத்தி இருந்தாள். வருஷா வருஷம் மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு போய் அவள் முன்னால் சிமெண்டுத் தரையிலேயே மண்டி போடுவாள். அந்த அம்மாள் கூச்சத்தில் கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்பாள். "எட்டு வயசு மூத்தவங்க, சும்மா விட முடியுமா?" என்பாள் இவள். என் மாமனாருக்கும் ஒரு தடவை அப்படித்தான் மண்டி போடப் போனாள். பாதி குனிந்தவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நீங்க எந்த வருஷம்?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அவளைவிட இரண்டு வருஷம் இளையவர். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். "நீங்கதான் எனக்குப் பண்ணணும், தம்பி" என்றாள். மனுஷர் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். அவளும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முழு வாழ்த்தும் சொல்லித்தான் விட்டாள்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் மண்டி போட்டதில்லை. அந்த ஆளோடுதான் அவள் ஒரே கூரையின் கீழே நாற்பது வருஷமாக இருந்தாள்.

தின்கன்ஜூன் வீட்டுக்கு நான் முதல் தடவை போனது டைப் அடித்த ஏதோ ஒரு தாளைக் கொடுக்க. கேட்டைத் திறந்தது பெரியம்மா என்று நினைத்து, "என்ன பெரியம்மா, தனாக்காப் பூச்சை அப்பி அப்பி வெள்ளையாயிட்டீங்க?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். திறந்தது வீட்டம்மா. ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தாள். பின்னாலிருந்து விளக்குமாறோடு பெரியம்மா வந்தாள். அதே நெற்றி, அதே தாடை. இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறி நிற்பதுகூட அதேதான். ஒருத்தி சந்தன நிறம், ஒருத்தி கருப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். கூடத்துச் சுவரில் வீட்டம்மாவின் அப்பா படம் மாட்டியிருந்தது. அவருக்கும் அந்தப் புருவம்.

வீட்டம்மா பர்மிய மொழியில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இவள் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. என் அப்பா காலத்திலிருந்து இருக்கிறாள்."

மாதிரியாம். சுவரில் ஒரு முகம், சோபாவில் ஒரு முகம், விளக்குமாறோடு ஒரு முகம். குருடனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தால் அவனும் கண்டுபிடித்திருப்பான். நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். பஸ் நிறுத்தம்வரை கூட வந்த பெரியம்மாவிடம் மட்டும் கேட்டேன். "அவங்க உங்களுக்கு யாரு?"

"தங்கச்சி" என்றாள். "ஆறு மாசம் சின்னவ." எந்த நம்பர் பஸ் என்று கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னாள்.

கதையை அவள் வரிசையாகச் சொன்னதில்லை. தாள் அடுக்கும்போது ஒரு துண்டு, டீ குடிக்கும்போது ஒரு துண்டு. மோல்மேனுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் மேஸ்திரிகள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த சனங்கள் அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்தார்கள். வெள்ளைக்காரன் போகும்போது தோட்டத்தை ஒரு பர்மியப் பெரிய மனுஷருக்கு விற்றுவிட்டுப் போனான். மரங்களை எண்ணிக் கொடுத்த மாதிரி லயத்து ஆட்களையும் எண்ணிக் கொடுத்தானாம். நாடு விடுதலையானது. லயத்து கேட் மட்டும் திறக்கவில்லை. புது முதலாளியையும் துரை என்றுதான் சொல்ல வேண்டும், அவர் எழுதிய சீட்டு இல்லாமல் வெளியே ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாது. ஓடிப்போனவனைப் பிடித்து வந்து ரப்பர் பால் காய்ச்சும் கொட்டகைத் தூணில் பொழுது சாயும்வரை கட்டி வைப்பார்கள். பத்து வயசில் பிள்ளை வாளி தூக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பிறக்கும் பிள்ளையும் தூக்க வேண்டும். இதற்குப் பெயர் வேலையாம். அடிமைகள் என்று சொல்லிப் பாருங்கள், தின்கன்ஜூன் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அப்பா தர்மவானாம், பகோடாவுக்குத் தங்கத் தகடு ஒட்டினவராம்.

பெரியம்மாவின் அம்மா பதினாறு வயசில் பங்களாவைப் பெருக்கப் போனாள். அதற்கு மேல் பெரியம்மா சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அவள் பிறந்து ஆறு மாசம் கழித்து பங்களாவில் துரையின் மனைவிக்கும் ஒரு பெண் பிறந்தது. அந்த அம்மாவுக்குப் பால் இல்லை. லயத்திலிருந்து இவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"மொதல்ல அவளுக்கு, மிச்சம் எனக்கு" என்று சொல்லிப் பெரியம்மா சிரித்தாள். "எங்கம்மா சொல்லும், நீ அதிகம் அழ மாட்ட, அதனால பரவால்லன்னு."

நான் ஸ்டேப்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பெற்ற தாயின் பால், மூத்தவளுக்கு மிச்சம். அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்ததை இன்றுவரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு தடவை துரை மோல்மேன் போய் வரும்போது சிவப்பு ரிப்பன் வாங்கி வந்தாராம். பங்களாப் பிள்ளைக்கு ஒன்று கட்டிவிட்டு, கொட்டகைப் பக்கம் வந்து இவள் கையிலும் ஒன்றைத் திணித்து, யாருக்கும் காட்டாதே என்று சொல்லிவிட்டுப் போனாராம். இதை அவள் பாசம் என்றாள். நான் திருட்டுத்தனம் என்றேன்.

"என்ன இருந்தாலும் எனக்கும் குடுக்கணும்னு தோணுச்சில்ல?" என்றாள்.

"தலையில கட்டிக்க முடியாத ரிப்பன் எதுக்கு பெரியம்மா?" என்றேன். அவள் தாள்களின் ஓரத்தைத் தட்டினாள்.

சின்னவளுக்கு ரங்கூனில் கல்யாணம் ஆனபோது கட்டில், கண்ணாடி வைத்த அலமாரி, தையல் மெஷின் எல்லாம் ரயிலில் வந்தன. அவற்றோடு பெரியம்மாவும் வந்தாள். தோட்டம் பிறகு அரசாங்கத்தின் கைக்குப் போனது, லயத்துச் சனங்கள் சிதறிப் போனார்கள். இவளுடைய அம்மா செத்த சேதி இவளுக்கு எட்டு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. நடுவில் பெரியம்மா போட்டாதாங் துறையில் மூட்டை தூக்கிய ஒரு தமிழரைக் கட்டிக்கொண்டு கொஞ்ச காலம் தனியாக இருந்தாள். அவர் படகுப் பலகையிலிருந்து தவறி விழுந்து போனபிறகு, இடுப்பில் கைக்குழந்தை செல்வியோடு தின்கன்ஜூனுக்கே திரும்பி வந்தாள். அன்றைக்கு வாசலிலேயே இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்களாம். நம்புகிறேன். ஒரே மார்பில் பால் குடித்தவர்கள். பாசம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். பாசத்தோடு அழுதுவிட்டு, சமையலறைப் பக்கத்து அறையைக் காட்டினாள் தங்கச்சி.

அந்த வீட்டில் எல்லா வேலைக்காரர்களும் வீட்டம்மாவை மமாஜீ, அதாவது பெரியக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். பெரியம்மா கூப்பிடவில்லை. பெயரையும் சொல்லவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் எதிரே போய் நின்றுகொள்வாள். அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பாள், பார்த்ததும் பேசுவாள். ஒருத்தியை ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் நாற்பது வருஷம் பேச முடியுமா? இவள் பேசினாள். அவளுக்குத் துவைத்தாள், சமைத்தாள், காய்ச்சலில் கால் பிடித்துவிட்டாள், அவள் மகனைத் தோளில் போட்டு வளர்த்தாள். அந்தப் பையன் மூன்று வயசில் தானாகவே இவளை ஜீஜீ என்று கூப்பிட ஆரம்பித்தானாம். அம்மாவின் அக்காவை பர்மாவில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குழந்தை இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறது. அம்மாக்காரி அவன் வாயிலேயே ஒன்று போட்டாள். அதோடு நின்றுபோனது.

கடோ தினத்தில் மட்டும் பெரியம்மா அந்த வீட்டில் இருக்க மாட்டாள். முன்பெல்லாம் காய்ச்சல், பல்வலி என்று ஏதாவது சொல்லிவிட்டு வெளியேறுவாளாம். என்னைத் தெரிந்தபிறகு சாக்கு எதுவும் சொல்வதில்லை. விடிந்ததும் சமையலை முடித்துவைத்துவிட்டு, புது லுங்கி கட்டிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அங்கே மகன், மருமகள், டிரைவர், தோட்டக்காரன் என்று வரிசையாக மண்டி போடுவார்கள். "மூத்தவ நான். எளையவகிட்ட எப்பிடிப் பொறுக்கச் சொல்றது? தப்பில்ல?" என்பாள். அவள் கேட்டது தன்மானத்தைப் பற்றி இல்லை, முறையைப் பற்றி. தன்மானத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

இப்படியே போயிருக்கும். செல்வியின் கார்டு விஷயம் வந்தது.

செல்வி தையல் ஃபாக்டரியில் வேலை செய்தாள். கெட்டிக்காரப் பெண். பினாங்கில் ஒரு ஃபாக்டரியில் சூபர்வைசர் வேலை வந்தது. பாஸ்போர்ட்டுக்கு அடையாள அட்டை வேண்டும். அவள் அட்டைக்கு அம்மாவின் அட்டை வேண்டும். அம்மாவிடம் இருந்ததோ ஒரு மக்கிய சீட்டு. அதில் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. இமிகிரேஷனில் இருந்தவர் நல்ல மாதிரி. தகப்பன் இந்த நாட்டுக்காரர் என்பதற்கு ஒரு சாட்சி போதும், கூடப்பிறந்தவர்கள் யாராவது இருந்தால் வந்து கையெழுத்துப் போடட்டும், பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அப்பா பெயர் என்ன என்று கேட்டார். பெரியம்மா சொன்னாள். தன் வாயால் அந்தப் பெயரை அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த வாரமே தங்கச்சியின் எதிரே போய் நின்றாள். அவள் நிமிர்ந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவள் மறுக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னாளாம்: "நாற்பது வருஷமாக எல்லாரும் வருகிறார்கள், நீ மட்டும் வரவில்லை. ஊர் பார்க்கிறது. நான் உனக்கு என்ன குறை வைத்தேன்? இந்தத் தடவை நீயும் கடோவுக்கு வா. மறுநாள் கையெழுத்துப் போடுகிறேன்."

என் உடம்பெல்லாம் எரிந்தது. போகாதீர்கள் என்றேன். வேறு சாட்சி தேடலாம், லயத்து ஆள் யாராவது கிடைப்பார்கள் என்றேன். "பொறுத்தேன்னு அவங்க சொல்றதுக்கு நீங்க என்ன தப்பு பண்ணீங்க? ஆறு மாசம் முந்திப் பொறந்ததா?" என்று கேட்டேன். செல்வி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இருபத்தைந்து வயசுப் பெண், அவள் என்ன சொல்வாள்?

பெரியம்மா மகளைப் பார்த்தாள். "நான் முட்டி போடாத தெருவா?" என்றாள். "இன்னொரு எடம்னு வச்சிக்க."

துணைக்கு நானும் போனேன். போயிருக்கக் கூடாது. கூடத்தில் பாய் விரித்திருந்தது. வீட்டம்மா பட்டு லுங்கியில், அப்பா படத்துக்குக் கீழே நாற்காலியில் இருந்தாள். மகனும் மருமகளும் கும்பிட்டு எழுந்தார்கள். டிரைவர் கும்பிட்டான். பிறகு பெரியம்மா பாயின் ஓரத்துக்கு வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். மூன்று தடவை நெற்றி தரையில் பட்டது. வாசகத்தை முழுசாக, தெளிவான பர்மிய மொழியில் சொன்னாள். உடம்பால், வாயால், மனசால் நான் செய்த குற்றமெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர். நடிப்பு என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே அழுதாள். "பொறுத்துவிட்டேன்" என்றாள். "எல்லாம் பொறுத்துவிட்டேன். நோயில்லாமல் இரு."

பொறுத்துவிட்டாளாம். மிச்சப் பால் குடித்ததைப் பொறுத்துவிட்டாள். கட்டில் சாமானோடு ரயிலேறியதைப் பொறுத்துவிட்டாள். பிள்ளை வளர்த்துக் கொடுத்ததைப் பொறுத்துவிட்டாள். மருமகள் தட்டில் ஜெல்லி கொண்டுவந்து நீட்டினாள், நான் தொடவில்லை.

மறுநாள் சாட்சிப் பத்திரத்தை நான்தான் டைப் அடித்தேன். "இவர் என் தந்தைக்குப் பிறந்த என் அக்கா" என்று அடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தாள். பேனாவை எடுத்து அக்கா என்பதை அடித்தாள். "தங்கை என்று போடு. பிறந்த வருஷத்தையும் எனக்குப் பின்னால் போடு" என்றாள்.

"அவங்கதான் மூத்தவங்க" என்றேன்.

"தெரியும்" என்றாள் அவள். "அக்கா என்று எழுதினால், நாளைக்கு என் பிள்ளைகள் யாரைக் கும்பிடுவது?"

முன்தினம் அவள் அழுததைக்கூட ஏதோ போனால் போகிறது என்று விட்டிருந்தேன். இதை விட முடியவில்லை. பத்திரத்தைக் கிழித்துப் போடலாம் என்று கடைக்கு வந்தேன். பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா பேரு இருக்குதில்ல?"

"இருக்கு."

"அப்போ மாத்தி அடி பாப்பா. செல்விக்கு வயசு ஏறுது."

அடித்தேன். இந்தக் கையால்தான் அடித்தேன். மூத்தவளைத் தங்கை ஆக்கி, பிறந்த தேதியை ஒன்றரை வருஷம் பின்னால் தள்ளி, மூன்று நகல் எடுத்து, ஸ்டேப்ளர் போட்டுக் கொடுத்தேன். அவள் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள். யார் யாரையோ திட்டி எழுதுகிறேன், இதையும் எழுதத்தான் வேண்டும்.

அட்டை வந்தது. செல்வி பினாங்குக்குப் போனாள். அவள் போன மாசமே பெரியம்மா தின்கன்ஜூன் வீட்டைவிட்டு வந்து, எங்கள் சந்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். கேட்டதற்கு, முதுகு முடியவில்லை என்றாள். சந்தில் யாராவது வயசு கேட்டால் மட்டும் அட்டையில் இருக்கிற வருஷத்தைச் சொல்ல மாட்டாள். பழைய வருஷத்தையே சொல்வாள்.

அடுத்த தடின்ஜுட் வந்தது. காலையில் வழக்கம்போல என் வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பத்து மணிக்கு டாக்ஸியில் அந்த வீட்டு மகன் வந்தான். இவள் தோளில் வளர்ந்தவன், இப்போது நாற்பது வயசு, தொப்பை. அம்மா காத்திருக்கிறாள், போன வருஷம் வந்த மாதிரி வர வேண்டும், இதே டாக்ஸியில் கூட்டிப்போகிறேன் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

பெரியம்மா அவனை உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை. பர்மிய மொழியில் நிதானமாகப் பேசினாள்.

"போன வருஷம் என் மகளுக்காக வந்தேன். அவள் போய்விட்டாள். இனி வர மாட்டேன். உன் அம்மாவிடம் சொல். நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், கதவு திறந்திருக்கிறது. என் தங்கச்சி வந்து கேட்டால் பொறுத்துவிடுவேன்."

அவன் முகம் சிவந்தது. வாய் ஏதோ சொல்லத் திறந்தது. மூன்று வயசில் சொன்ன வார்த்தையோ என்னவோ, எனக்குத் தெரியாது. சொல்லாமலே டாக்ஸியில் ஏறிப் போய்விட்டான்.

அவள் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், அங்கேயே கொண்டு வரச் சொன்னாள். யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் உட்கார்ந்தாள், அதற்கு அடுத்த வருஷமும். முகம் கழுவி, தலை வாரி, முதுகை நிமிர்த்தி, வாசலைப் பார்த்தபடி. கடைசி வருஷம் நடக்கவே முடியவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து போட்டோம்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்து, சந்தில் மெழுகுவர்த்தி ஏற்ற ஆரம்பித்தார்கள். வாசலில் யாரும் இல்லை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவர்கள் செய்யாவிட்டால் என்ன, நான் செய்கிறேன் என்று அவள் முன்னால் போய் மண்டி போட்டேன். குனிந்து, உடம்பால் வாயால் என்று ஆரம்பித்தேன்.

பெரியம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

"எந்திரி பாப்பா" என்றாள். "கேக்க வேண்டியது நீ இல்ல." பிறகு, "நகரு, வாசல மறைக்கிற" என்றாள்.